துணையாள் இருக்கை

கங்குவில் இறந்தவர்களை அன்றைக்கே நெருப்புக் குழம்பில் விட்டுவிடுவது வழக்கம். வைத்திருந்து அழ முடியாத அளவுக்கு அங்கே வெக்கை. காசாம்பு மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று சுவரோரம் உட்கார்ந்தாள். அரிசி களைந்துகொண்டிருந்த அவள் புருஷன் தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள்.

சுரங்கக் குடியிருப்பு ஆண்கள் பாடையோடு வந்தபோது அவர் வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தார்.

"எடுக்க வேணாம்" என்றார்.

"என்னா மாமா பேசறீங்க?" என்றான் பக்கத்து வீட்டு அர்ச்சுனன். "பொழுதோட கொண்டும்போயிடணும். வெச்சிருக்கற ஊரா இது?"

"பிள்ளைங்க பாக்கல."

"அவங்க எப்பிடி வருவாங்க? வரக்கூடிய எடத்துலயா இருக்காங்க?"

"அவங்க வரமுடியாது. இவ போவலாம் இல்ல?"

அர்ச்சுனனுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், "துக்கத்துல ஏதோ பேசறாரு" என்று மற்றவர்களிடம் மெதுவாகச் சொன்னான். தணிகாசலம் எழுந்து வேறு சட்டை மாட்டிக்கொண்டார். சுரங்கத்துக் குளிர்கிடங்கில் காசாம்புவைக் கொஞ்சம் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து பயண அலுவலகத்துக்கு நடந்தார்.

பெரியவன் என்று அவர்கள் அழைக்கிற கோளை ஒன்பது நிலாக்கள் சுற்றுகின்றன. பாதிக்கு மேல் வெறும் கற்கள். ஒன்று, மற்றவை போகிற திசைக்கு எதிராகப் போகும். எதிரோடி என்று பெயர், அதில் யாரும் இறங்கியதில்லை. மனிதர் குடியேறியது மூன்றில்தான். கோளை ஒட்டிச் சுற்றுவது கங்கு. பெரியவனின் இழுப்பில் மாவு மாதிரி ஓயாமல் பிசைபடுவதால் அதன் வயிறு எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். இரும்பும் செம்பும் நிறைந்தது, அதனால் கனமானது. அங்கே ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இடுப்புக்குத் தெரியும். அதற்கு வெளியே புழுதி. காற்றும் தண்ணீரும் இல்லாத செந்தூள் நிலா. எடை கங்குவில் பாதி. மூன்று நிலாக்களுக்கும் சோறு போடுகிற வயல்கள் அங்கே கண்ணாடிக் கூரைகளுக்குக் கீழே இருந்தன. வெகுதூரத்தில், தனியாக, பனிச்சி. மேலே பனி, அடியில் கடல். கங்குவில் பத்துப் பேர் சேர்ந்து புரட்டும் பாறையை அங்கே ஒருத்தி தூக்கிவிடுவாள்.

இந்த மூன்றிலும் மனிதர்கள் நிலைத்ததற்குக் காரணம் ஓர் ஊசி. எலும்பையும் ரத்தத்தையும் நெஞ்சையும் அந்தந்த நிலாவின் எடைக்குப் பழக்கிவிடும் மருந்து அது. பதம் என்பார்கள். பதினாறு வயதுக்கு மேல் பதம் போட்டுக்கொண்டு எந்த நிலாவில் வேலை இருக்கிறதோ அங்கே போகலாம். ஆனால் லேசான நிலாவுக்குப் பதமான உடம்பு கனமான நிலாவுக்குத் திரும்பவே முடியாது. இறங்கிய அன்றே நெஞ்சு நின்றுவிடும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பதம் ஏறுவதுமில்லை. ஆகவே கங்குவைவிட்டுப் போன பிள்ளைகள் போனவர்கள்தான். குரல் வரும், திரையில் முகம் வரும். ஆள் வரமாட்டார்கள். பெற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு மாதத்துக்குள் திரும்பினால் உடம்பு தாங்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் கப்பலில் இருக்கைகள் கொஞ்சம். அவை வேலைக்குப் போகிறவர்களுக்கு. கிழவன் கிழவிகளுக்கு இல்லை.

தணிகாசலத்தின் மகன் ஏகாம்பரம் புழுதியில் இருந்தான். மகள் பூங்காவனம் பனிச்சியில்.

அலுவலகத்துப் பெண் நிமிராமலே சொன்னாள். "உங்க வயசுக்கு இருக்கை கிடையாதுங்க பெரியவரே."

"எனக்குக் கேக்கல. என் சம்சாரத்துக்கு."

"அவங்க வயசு?"

"செத்துட்டா. காலைல."

அவள் இப்போது நிமிர்ந்தாள். தணிகாசலம் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். பிறகு திரையில் நெடுநேரம் தேடினாள்.

"பொணத்த அனுப்பக்கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல. இதுவரைக்கும் யாரும் கேக்கல, அவ்ளோதான். சரக்குல போவும். ஆனா தனியா போவக்கூடாதாம், கூட ஒராள் இருக்கணும்னு போட்டிருக்கு. துணையாள் இருக்கைன்னு ஒண்ணு தருவாங்க." அவள் இன்னொரு முறை படித்தாள். "அதுக்கு வயசு வரம்பு போடல."

"நான் போறன்."

"ரெண்டு மாசத்துக்குள்ள திரும்பிடணும். புழுதி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டீங்கன்னா பிரச்சனை இல்ல. பனிச்சிக்கும் போனீங்கன்னா..." அவள் விரலால் நாட்களைக் கூட்டிப் பார்த்தாள். "கஷ்டம். அதுக்கப்பறம் கங்கு உங்க உடம்புக்கு ஆவாது."

"சரிம்மா" என்றார் தணிகாசலம். உயிரோடு இருந்தவரை காசாம்புவுக்குக் கிடைக்காத பயணச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சரக்குக் கப்பலை ஓட்டியவள் லூர்துமேரி என்ற நடுவயதுக்காரி. கப்பலிலேயே பிறந்து கப்பலிலேயே வளர்ந்தவள். கால்கள் இரண்டும் குச்சி குச்சியாக இருந்தன; அவற்றால் அவளுக்கு வேலையும் இல்லை. எந்த நிலாவிலும் அவள் இறங்குவதில்லை.

"புழுதியில கால வெச்சாக்கூட எனக்கு மூச்சு வாங்கும்ங்கய்யா" என்றாள். "எனக்கு ஊருன்னு ஒண்ணும் கிடையாது. எல்லா ஊரையும் மேலேருந்து பாத்துக்கறது."

கப்பல் கிளம்பிய சற்று நேரத்தில் தணிகாசலத்தின் உடம்பு இருக்கையை விட்டு மெல்ல எழும்பியது. பல வருடங்களாக அவரை விடாத முழங்கால் வலி, யாரோ கையால் எடுத்ததுபோலப் போய்விட்டது. காசாம்பு கீழே வெளித்தளத்தில், குளிரில், கயிற்றால் கட்டிய பெட்டிக்குள் கிடந்தாள். தனக்கு மட்டும் வலி நின்றது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

"லேசா இருக்கா?" என்று கேட்டாள் லூர்து.

"இருக்குது."

"அதான் ஏமாத்தும். கனத்துலேருந்து லேசுக்குப் போறது சொகம். ஒடம்பு அதையே புடிச்சிக்கும். எலும்பு, இனி நமக்கு வேல இல்லன்னு கரைய ஆரம்பிக்கும். நெஞ்சு சோம்பேறியாயிடும். பதம் போட்டவங்களுக்கு அந்தக் கரைச்சல் ஒரு எடத்துல நிக்கும். உங்களுக்கு நிக்காது."

"நிக்காட்டா?"

"புழுதியில பத்துப் பன்னெண்டு வருசம் இருப்பீங்க. பனிச்சின்னா மூணு, நாலு. அதுக்கப்பறம் இருமினா வெலா எலும்பு ஒடியும்." அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பயமுறுத்தலய்யா. தெரிஞ்சிக்கணும் இல்ல."

"எனக்குத் தூக்கம் வருது" என்றார் தணிகாசலம். உண்மையிலேயே வந்தது. காசாம்பு இறந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. கப்பலில் தூங்கித் தூங்கியே மூன்று வாரத்தைப் போக்கினார்.

புழுதியில் ஏகாம்பரம் இறங்குதுறைக்கே வந்திருந்தான். நெற்றியோர முடியில் நரை விழுந்திருந்தது. தகப்பனைக் கட்டிக்கொள்ள வந்தவன், கங்குவின் எடையில் இறுகிப்போன அந்தக் குட்டையான உடம்பைக் கட்டிக்கொள்ளத் தெரியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டியைத் திறந்ததும் குழந்தை மாதிரி அழுதான். அவன் மனைவி வனமயில், மாமியாரைத் திரையில் மட்டுமே பார்த்தவள், "இவ்ளோ சின்ன உருவமா அத்த?" என்று கேட்டுவிட்டு அவளும் அழுதாள்.

அவர்கள் வீடு நெல்வயலின் ஓரத்தில், கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே செந்தூள் அசையாமல் கிடந்தது; காற்றில்லாததால் எப்போதோ நடந்தவர்களின் கால்தடங்கள்கூட அப்படியே இருந்தன. புழுதியில் இறந்தவர்களை வயல் வரப்பில் புதைப்பார்கள். வெறும் தூளாயிருந்த நிலாவில் விளைகிற மண் உண்டாவது அப்படித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரப்பு உண்டு.

ஏகாம்பரம் தாய்க்கு வாய்க்கரிசி போட்டான். அது முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்.

"அம்மாவ இங்கயே வெச்சிடலாம் நைனா. வரப்புல எடம் வெட்டி வெச்சிட்டன்."

"உன் தங்கச்சி பாக்கணும்டா."

ஏகாம்பரம் சோற்றில் கையை நிறுத்தினான். "அம்மா அவளுக்குத் தலை முழுகிட்டா. மறந்துட்டியா? ஊசி போட்டுக்கினு வந்து நின்னவள வெளியவே நிக்க வெச்சி, குடம் தண்ணிய எடுத்துத் தலையில ஊத்திக்கினா. எம் பொண்ணு செத்துட்டான்னு தெருவே கேக்கச் சொன்னா. அதுக்கப்பறம் ஒரு நாளாவது திரையில அவ மூஞ்சப் பாத்தாளா? பேசாதவள பொணமா கொண்டும்போயி அவ முன்னாடி போடப்போறியா? அம்மாவுக்கே அது புடிக்காது."

"புடிக்காதுதான்."

"அப்பறம் என்னா? நான் தலைப்பிள்ள. எங்க அடக்கம் பண்றதுன்னு நான் சொல்லக்கூடாதா?"

"வாய்க்கரிசி நீதான போட்ட. உன் பங்க யாரும் எடுத்துக்கல. நான் அவளுக்குப் புருஷன்டா. நானும் கொஞ்சம் சொல்லலாம்."

ஏகாம்பரம் சோற்றை ஓரமாக ஒதுக்கினான். பிறகு வேறு குரலில், மெதுவாகச் சொன்னான். "பனிச்சிக்குப் போனா நீ திரும்ப முடியாது நைனா. நாள் கணக்குப் பாத்தியா?"

"பாத்தன்."

"கங்குவுக்குப் போவ முடியாதுன்னா எங்க இருப்ப?"

தணிகாசலம் மகன் முகத்தைப் பார்த்தார். காத்திருந்தார். வனமயில் எழுந்து அடுப்பருகே போய், ஏற்கெனவே இறக்கிவைத்திருந்த பாத்திரத்தைக் கிளறினாள். ஏகாம்பரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கேயே இருந்துவிடு என்று அவன் சொல்லவில்லை. காற்றை அளந்து கொடுக்கிற ஊர் அது. ஒரு வீட்டில் கூடுதலாய் ஒரு மூச்சு என்றால் மற்றவர்கள் மூச்சில்தான் குறையும். அந்தக் கணக்கு தணிகாசலத்துக்குத் தெரியாததில்லை. தட்டில் இருந்த மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

"பாக்கலாம்" என்றார் கடைசியில்.

மறுநாள் ஏகாம்பரம் தாயின் தலைமுடியில் ஒரு கொத்தை வெட்டி, வெட்டிவைத்த குழியில் போட்டு மூடினான். பெட்டியைத் துறைவரை அவனே தள்ளிக்கொண்டு வந்தான். கிளம்பும்போது, "நைனா, நான் வந்து..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்டா. போ. வெளிய ரொம்ப நேரம் நிக்காத" என்றார் தணிகாசலம்.

பனிச்சிக்குப் போகிற வழியில் ஒருநாள் லூர்து அவரை எழுப்பினாள். "ஐயா, இப்பத் திருப்பினாக்கூட உங்களக் கங்குவுல கொண்டு விட்டுடலாம். பெட்டிய வேற துணையாள் வெச்சி அனுப்பிக்கலாம். நாளைக்கு மேல முடியாது. சொல்லிட்டேன்னு எம் மனசுக்கு இருக்கணும்."

"சொல்லிட்ட. நல்லா இரும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான்."

லூர்து தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பனிச்சியில் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொண்டு வெளியே வந்தவர், எதிரில் நின்ற பெண்ணை முதலில் அடையாளம் தெரியாமல் கடந்துபோகப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்துத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது. பதினேழு வயதில் அவர் தோளுக்கு இருந்தவள். பதமும் லேசான எடையும் சேர்ந்து அவளை இழுத்து நீட்டியிருந்தன. கை கால்கள் மூங்கில்போல் இருந்தன. மூக்கு மட்டும் காசாம்புவின் மூக்கு.

"நைனா" என்றாள் பூங்காவனம். அழவில்லை. குனிந்து அவர் கன்னத்தைத் தொட்டாள். "டாக்டர் சொன்னாங்க. இனிமே நீ கங்குவுல எறங்க முடியாதாமே. அண்ணன் உங்கிட்டச் சொல்லலையா?"

"எல்லாரும் சொன்னாங்க."

பெட்டி அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ வந்தது எனக்கு சந்தோஷம். ஆனா அந்தப் பெட்டிய நான் பாக்க மாட்டன். தொறக்கவும் வேணாம். மேல ஆளுங்க இருக்காங்க, பனிமேட்டுல கொண்டும்போயி வெச்சிடுவாங்க."

"பூங்கா..."

"வேணாம் நைனா. தலை முழுகினது முழுகினதுதான். அவளுக்கு நான் செத்துட்டன். செத்தவ எப்பிடி எழுந்துவந்து சாவுக்கு நிப்பா?"

வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, மகன் கேட்டதைத் தள்ளிவிட்டு, திரும்பிப்போகிற வழியையும் அடைத்துக்கொண்டு வந்த இடத்தில் இதைக் கேட்டதும், தணிகாசலத்துக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. உட்கார இடம் தேடினார். பூங்காவனம் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள்.

பனியைக் குடைந்து செய்த அறை. தரையில் ஒரு தடித்த கண்ணாடி. அதற்குக் கீழே கடல். இருட்டு நீரில் வெகு ஆழத்தில் வலைவிளக்குகள் மெல்ல அசைந்தன. அவளுக்கு வேலை அங்கேதான். குடிக்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்தறியாத கங்குவில், கடல் என்ற சொல்லைப் பள்ளியில் கேட்ட நாள்முதல் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தான் வந்தியா?" என்று கேட்டார், கீழே பார்த்தபடி.

"இதுக்குத்தான்."

"நல்லாத்தான் இருக்குது."

அவள் அவருக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மடக்கிய முழங்கால்கள் அவர் தலை உயரத்துக்கு வந்தன.

"அண்ணன் போனப்ப அம்மா பலகாரம் சுட்டுக் கட்டிக் குடுத்தா. துறை வரைக்கும் வந்தா. நான் போனப்ப தலையில தண்ணி ஊத்திக்கினா. ரெண்டு பேரும் திரும்ப முடியாத எடத்துக்குத்தான நைனா போனம்? எனக்கு மட்டும் ஏன்?"

"பையன் போயிடுவான்னு தெரிஞ்சே வளத்தா. நீ போவ மாட்டன்னு நெனச்சிட்டா. அதத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியல. கேட்டன். சொல்ல மாட்டா."

"சாவறதுக்கு முன்ன என்னப் பாக்கணும்னு சொன்னாளா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். பூங்கா பூங்கா என்று சொல்லிக்கொண்டேதான் உயிர் போயிற்று என்று ஒரு பதிலை வழிநெடுகத் தயார்செய்து வைத்திருந்தார். நல்ல பொய். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். இப்போது பார்த்தால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லல" என்றார்.

பூங்காவனம் தலையை மட்டும் அசைத்தாள்.

"உன் பேர அவ எடுத்ததே கெடையாது" என்றார் தணிகாசலம். "நான் எடுத்தாலும் எழுந்து போயிடுவா. பனிச்சியப் பாக்கறதே ஆவாது அவளுக்கு. நம்ம வாசலுக்கு நேரா, சாம்பல் மேட்டு மேலதான அது எழும்பும்? எவ்ளோ பொகையா இருந்தாலும் வெள்ளையா தெரியும். அது எழும்பறதுக்கு முந்தி போயி கதவச் சாத்திடுவா. தவறினதே கெடையாது. நான் வாசல்ல உக்காந்திருந்தா, உள்ள வான்னு இழுத்துவுட்டுச் சாத்துவா. அது தலைக்கு மேல தாண்டிப் போனப்பறம்தான் தொறப்பா."

சொல்லி முடித்தபிறகு, இதை ஏன் சொன்னோம் என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. ஏற்கெனவே புண்ணாகி இருப்பவள். வேறு பேச்சுக்கு மாற்றலாம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது பூங்காவனம் கேட்டாள்.

"தெனமுமா?"

"தெனமும்."

"பனிச்சி எழும்பற நேரம் அங்க தெனம் மாறுமே நைனா."

"மாறும்."

"கங்குவும் ஓடுது, பனிச்சியும் ஓடுது. ஒரு நாளு மாதிரி ஒரு நாளு இருக்காதே. ஒருக்கா காலைல எழும்பும். ஒருக்கா மத்தியானம் எழும்பும். ஒருக்கா பொழுது சாயறப்ப எழும்பும்."

"ஆமா. உலையில அரிசி போட்டுக்கினு இருந்தாலும் பாதியில எழுந்துபோயி சாத்துவா. எப்பிடித் தெரியும்னு நான் கேட்டதில்ல."

பூங்காவனம் கீழே கடலைப் பார்த்தாள். கங்குவில் பள்ளிப் பிள்ளைகளுக்கே நிலாக்கள் எழும்பும் நேரத்தைக் கணக்குப் போடத் திண்டாட்டம். அம்மாவுக்குப் படிப்பு அவ்வளவாக இல்லை. யாரையாவது கேட்டிருக்க வேண்டும். அல்லது தானே பார்த்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும், அத்தனை வருடங்களும், தன் மகள் இருக்கிற இடம் அந்த வானத்தில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்காமல் அந்தக் கதவை ஒரு நாள்கூடச் சரியாகச் சாத்தியிருக்க முடியாது.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள். வெளியே பனிமேல் போக, ஆணியில் தொங்கிய கவச உடையை எடுத்துக் கால்களை நுழைத்தாள். கொக்கியை இரண்டு முறை தவறவிட்டாள். தணிகாசலம் எழுந்துபோய் மாட்டிவிட்டார்.

துறையில் பெட்டியைத் திறந்தார்கள். பூங்காவனம் தாயின் முகத்தைப் பார்த்தாள். உறைந்த முகம், கன்னத்தில் அடுப்புச் சாம்பலின் ஒரு கீற்று அப்படியே ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அதைத் துடைத்தாள். துடைக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு, வாய்விட்டு அழுதாள். துறையில் வேலை செய்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

பனிமேட்டு ஆட்கள் இரண்டு பேர் பெட்டியைத் தூக்க வந்தார்கள். "பெட்டி வேணாம்" என்றாள் பூங்காவனம். குனிந்து, துணியில் சுற்றிய தாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். கங்குவில் சுரங்கக் கிடங்குக்கு அவளைக் கொண்டுபோக நான்கு ஆண்கள் வேண்டியிருந்தது. இங்கே கைக்குழந்தையின் கனம்தான் இருந்தது.

வெளியே கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. வானத்தில் பெரியவன் நெல்லிக்காய் அளவுக்குத் தொங்கியது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, கங்கு. பனிச்சியில் இறந்தவர்களை மூடுவதில்லை, எரிப்பதுமில்லை. பனியில் ஓர் ஆள் அளவுக்கு வெட்டிப் படுக்கவைப்பார்கள். அங்கே எதுவும் அழுகாது, எதுவும் மாறாது. பூங்காவனம் நீளமான கால்களால் மெதுவாக நடந்தாள். பின்னால் தணிகாசலம் துறையில் கொடுத்த இரவல் உடையில் ஒவ்வோர் அடிக்கும் தரையைவிட்டு எழும்பி, தடுமாறி, விழுந்து, எழுந்து வந்தார். வெட்டிவைத்த இடத்தில் அவளே தாயை இறக்கிப் படுக்கவைத்தாள். துணியைச் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே மண்டியிட்டிருந்தாள்.

ஆட்கள் போய்விட்டார்கள். தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தார்கள். தலைக்கவசத்துக்குள் ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது.

"நைனா, ஒண்ணு கேட்டா நெசத்தச் சொல்லுவியா?"

"கேளு."

"அம்மாவ எதுக்கு இவ்ளோ தூரம் இழுத்தாந்த? அவ கேக்கல. அண்ணன் அங்கயே வெக்கச் சொல்லிச்சி. நானும் கொண்டாரச் சொல்லல."

தணிகாசலம் யோசித்தார். யோசிக்க ஒன்றுமில்லை, சொல்லத்தான் தெம்பு வேண்டியிருந்தது.

"அவளக் குழம்புல வுட்டிருந்தாலும் அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அன்னிக்கு வாசல்ல உக்காந்திருந்தப்ப, இனிமே இந்த வூட்டுல நானும் அந்த உலையுந்தான்னு தோணிச்சி. உன்னப் பாக்கணும்போல இருந்துது. ரொம்ப நாளாவே இருந்துது. அவ இருக்கற வரைக்கும் சொல்ல முடியல. சும்மா போயி கேட்டா எனக்கெல்லாம் இருக்கை குடுப்பாங்களா? சுரங்கத்துல யாராவது செத்தா, பொணத்தோட ஒராள் மேல வரணும்னு சட்டம். தனியா அனுப்ப மாட்டாங்க. கப்பல்லயும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சன். அப்பிடித்தான் இருந்துது."

பூங்காவனம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப பிள்ளைங்க பாக்கணும்னு நீ எல்லார்கிட்டயும் சொன்னது?"

"அதுவும் நெசந்தான். ஆனா மொதல்ல தோணினது இதுதான்."

"அம்மாவ சாக்கா வெச்சி நீ வந்திருக்க."

"ஆமா."

கவசத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது. மறுபடி அழுகிறாள் என்று அவர் நினைத்தார். கொஞ்சம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"அவளுக்குத் தெரிஞ்சிருந்தா உன்னக் கொன்னுருப்பா நைனா."

"கொன்னுருப்பா" என்றார் தணிகாசலம். அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்தபோது விலா வலித்தது. "தெரு முழுக்க கேக்கத் திட்டிருப்பா."

வெகு உயரத்தில் லூர்துவின் கப்பல் திரும்புவதற்காக விளக்கைப் போட்டது. இரண்டு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் மூணு வருஷம்னு சொன்னாங்க" என்றாள் பூங்காவனம்.

"கப்பல்காரம்மா நாலும் ஆவலாம்னு சொல்லிச்சி."

"எங்கிட்ட ஒரு ரூம்புதான். தரையெல்லாம் கண்ணாடி. படுத்தா கீழ கடல் தெரியும். உனக்குத் தூக்கம் வராது."

"நல்லா வரும்."

அவள் எழுந்து நின்றாள். அவர் எழ முயன்று, வேகம் தெரியாமல் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கனம் இல்ல."

"வேணாம் வேணாம். நடக்கறன். கையப் புடி" என்றார்.